பறவையோடு தாளும் கைமாறட்டும்

ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கைக்குப் பழகிய ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக்குப் பல்லாயிரம் ரூபாய் கேட்கிறார்கள். இவை இரண்டுக்கும் நடுவே தமிழ்நாட்டில் அன்றாடம் நடக்கும் பறவை வியாபாரத்தில் கணிசமான பகுதி கடைக்கே வருவதில்லை. மொட்டை மாடியில் கூண்டடித்து வளர்ப்பவர் ஒருவர். கைப்பேசியில் வந்த வீடியோவைப் பார்த்து முன்பணம் அனுப்புகிறவர் இன்னொருவர். இடையில் ஆம்னி பஸ்ஸில் ஏற்றிவிடப்படும் ஓர் அட்டைப்பெட்டி. ரசீது கிடையாது; பல நேரங்களில் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததும் கிடையாது. பணம் போன பிறகு எண்ணை அணைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பறவை வந்து சேர்ந்த மூன்றாம் நாள் செத்துப்போவதும் நடக்கிறது. ஏமாந்தவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரை எப்போதும் ஒன்றுதான்: நம்பிக்கையான ஆளாகப் பார்த்து வாங்குங்கள். அந்த அறிவுரை போதாது. நம்பிக்கை ஆளின் மேல் மட்டும் நிற்கும்வரை இந்த வியாபாரம் சீராகாது. பொரித்த நாள், கால் வளைய எண், பாலினப் பரிசோதனை, உடல்நிலை, விற்பவரின் பெயரும் முகவரியும் எழுதிய ஒரு தாள் இல்லாமல் எந்த வளர்ப்புப் பறவையும் கைமாறக் கூடாது என்றும், அதைத் தரும் பொறுப்பு விற்பவருடையது என்றும் ஆக வேண்டும்.

இதற்கு முதல் காரணம் பறவையின் இயல்பிலேயே இருக்கிறது. பருந்துக்கும் பூனைக்கும் இரையாகும் உயிர் தன் நோயை வெளிக்காட்டாது. சோர்ந்து நிற்பதுதான் முதலில் பிடிபடும் என்பதால், உடம்பு முடியாத கிளியும் ஆள் கிட்டே வந்ததும் இறகை ஒடுக்கிக்கொண்டு நிமிர்ந்து நிற்கும். தீனியைக் கொத்துவதுபோல் பாவனை செய்யும். உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்காரும் நிலைக்கு வந்துவிட்டால் பெரும்பாலும் வைத்தியத்துக்கான காலம் கடந்திருக்கும். கிளியினங்களின் அலகையும் இறகையும் சிதைக்கும் வைரஸ் நோய் ஒன்று உண்டு. மருந்தில்லாத அந்த நோய், தொற்றிய பறவையின் உடலில் வாரக்கணக்கில், சிலவற்றில் மாதக்கணக்கில், அடையாளமே இல்லாமல் இருக்கும். பாலினமும் அப்படித்தான். ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ், சன் கொனூர், சாம்பல் கிளி ஆகியவற்றில் ஆண் எது, பெண் எது என்று கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டு பெண்கள் சேர்ந்து கூடு கட்டி, இரண்டுமே முட்டையிட்டு, வாரக்கணக்கில் அடைகாத்த பிறகுதான் வாங்கியது ஜோடி இல்லை என்பது புரிகிறது. சில இறகுகளையோ ஒரு துளி ரத்தத்தையோ கொண்டு செய்யும் டிஎன்ஏ பரிசோதனை இதை நிச்சயமாகச் சொல்லிவிடும். வயதும் கண்ணுக்குத் தெரியாது: முழு இறகு முளைத்து நிறம் தேறிய கிளிக்கு மூன்று வயதா, பதினைந்து வயதா என்று அனுபவஸ்தரும் தடுமாறுவார். ஆகவே நாணயமான ஒருவரே நோயுள்ள பறவையை, பொருந்தாத ஜோடியை, கிழப் பறவையை மனமறியாமல் விற்றுவிட முடியும். அவருடைய நல்ல குணத்தை விசாரித்து அறிந்து என்ன பயன்? அவருக்கே தெரியாத ஒன்றை அவருடைய நாணயம் எப்படிச் சொல்லும்?

விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத சந்தை என்ன ஆகும் என்பதைப் பழைய கார் வியாபாரத்தை வைத்து 1970-இல் விளக்கியவர் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப். 2001-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர். நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய முடியாதவர் எல்லாவற்றுக்கும் நடுத்தரமான ஒரு விலையைத்தான் தருவார். அந்த விலை நல்ல பொருள் வைத்திருப்பவருக்குக் கட்டுப்படியாகாது, அவர் விலகுவார். மட்டமானது மிஞ்சும். பறவை வளர்ப்பில் இது கண்கூடு. பரிசோதனைக்குச் செலவழித்து, புதிதாக வந்ததை ஒரு மாதத்துக்கு மேல் தனிக்கூண்டில் வைத்துக் கவனித்து, தாய்ப்பறவைகளுக்கு ஓய்வு கொடுத்து வளர்ப்பவர் தன் குஞ்சுக்கு ஒரு விலை சொல்கிறார். எதையும் செய்யாதவர் பாதி விலைக்குத் தருகிறார். கைப்பேசித் திரையில் இரண்டு குஞ்சும் ஒன்றுபோலவே இருக்கின்றன. முன்னவர் தன் செலவை நிரூபிக்க வழியில்லாதவரை அவர் தோற்றுக்கொண்டேதான் இருப்பார். தாள் அவருக்குத்தான் முதலில் வேண்டும்.

சென்னை பிராட்வே ஞாயிற்றுக்கிழமைச் சந்தை போன்ற இடங்களில் ஒரு கட்டுப்பாடு தானாகவே இருந்தது. போன வாரம் விற்றவர் இந்த வாரமும் அதே இடத்துக்கு வந்தாக வேண்டும். ஏமாந்தவரும் வந்து நாலு பேர் முன்னால் கேட்பார். அந்தச் சந்தைகளைப் புனிதமாக்கிப் பேச வேண்டியதில்லை. காட்டில் வலை வைத்துப் பிடித்த பச்சைக்கிளியும், சாயம் பூசிய சில்லைக் குருவியும் இதுபோன்ற சந்தைகளில் விலைபோயிருக்கின்றன. ஆனால் திரும்பத் திரும்பச் சந்திக்க வேண்டிய கட்டாயம் கொஞ்சமாவது நேர்மையைக் காத்தது. கைப்பேசி வியாபாரம் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டு, வேறு எதையும் அதன் இடத்தில் வைக்கவில்லை.

சட்டம் கைகொடுக்கும் என்று நினைப்பவர்கள் அதன் இடைவெளியையும் பார்க்க வேண்டும். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பொருளின் தரத்துக்கான பொறுப்பை அதையே தொழிலாகச் செய்யும் வியாபாரியின் மேல்தான் பொதுவாகச் சுமத்துகிறது. வீட்டில் வளர்த்ததை எப்போதாவது விற்கும் தனிநபரிடம், எழுத்தில் உறுதிமொழி எதுவும் வாங்காதவர், பெரும்பாலும் தன் பொறுப்பில் வாங்கியவராகவே கருதப்படுவார். நுகர்வோர் நீதிமன்றமும் வணிகரைத்தான் கேட்கும். பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2018-இல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகள் பதிவையும் பதிவேட்டையும் கட்டாயமாக்கின; மாடியில் வளர்ப்பவர் தன்னைக் கடைக்காரராக நினைப்பதே இல்லை. 2022-இல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதன்கீழ் 2024-இல் வந்த விதிகளும், வன உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கைப் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவுசெய்ய வேண்டும், கைமாற்றம், பிறப்பு, இறப்பு எல்லாவற்றையும் தெரிவிக்க வேண்டும் என்கின்றன. நல்ல ஏற்பாடு இது. ஆனால் வீடுகளில் அதிகம் வளரும் பட்ஜியும் காக்டீலும் பீச்-ஃபேஸ் லவ் பேர்டும் அந்தப் பட்டியலிலேயே இல்லை. பட்டியலில் உள்ள கொனூரையோ மக்காவையோ வாங்குகிறவரில் எத்தனை பேர் விற்பவரிடம் பதிவெண் கேட்கிறார்கள்? கேட்காமல் வாங்கினால் பணம் போவதோடு நிற்காது. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி 2017 முதல் சைட்டிஸின் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. அதன் பிறப்பைக் காட்டும் தாள் இல்லாதவர், கடத்திவந்த பறவையை வைத்திருக்கிறாரா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத இடத்தில் நிற்கிறார். நம் நாட்டுப் பச்சைக்கிளியோ எந்தத் தாளோடும் விற்கக் கூடாதது. இந்தியப் பறவைகளின் வியாபாரம் தடைசெய்யப்பட்டு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது.

இது விற்பவரும் வாங்குபவரும் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளும் விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. 1929-30 காலத்தில் தென் அமெரிக்காவிலிருந்து கப்பலேறிய கிளிகள் வழியாகச் சிட்டகோசிஸ் என்கிற கிளிக் காய்ச்சல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மனிதர்களுக்குப் பரவி உயிர்களைப் பறித்தது. அமெரிக்கா 1930 ஜனவரியில் கிளி இறக்குமதியையே நிறுத்தியது. இன்று அதற்கு மருந்து இருக்கிறது. ஆனால் காய்ச்சலோடும் இருமலோடும் வருபவர் வீட்டில் கிளி இருப்பதைச் சொல்லாவிட்டால் மருத்துவருக்குச் சந்தேகமே வராது. அதைவிட நமக்கு நெருக்கமானது கோழிகளைத் தாக்கும் வெள்ளைக்கழிச்சல். 1971-இல் தெற்குக் கலிபோர்னியாவில் இந்த நோயின் கடும் வடிவம் பரவியபோது, இறக்குமதியான வளர்ப்புப் பறவைகளே அதைக் கொண்டுவந்ததாகக் கண்டறிந்தார்கள். நோயை ஒழிக்க ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் கோழிகளைக் கொல்ல வேண்டியிருந்தது. நாமக்கல்லின் முட்டைப் பண்ணைகளை நம்பி எத்தனை குடும்பங்கள் பிழைக்கின்றன என்பதை அறிந்த மாநிலத்தில், எங்கிருந்து வந்தது, யாரிடம் போனது என்ற விவரமே இல்லாமல் பறவைகள் பஸ்ஸேறி மாவட்டம் மாவட்டமாகப் போவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நோய் கிளம்பினால் அதன் தடத்தைப் பின்தொடர அந்தத் தாள் ஒன்றுதான் வழி.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகளில் வலுவானது சிறு வளர்ப்பாளர்களைப் பற்றியது. வீட்டிலிருந்தபடி நாலைந்து ஜோடி வைத்துக் கைச்செலவுக்குச் சம்பாதிக்கும் பெண்களும் மாணவர்களும் இதில் நிறைய உண்டு. அவர்கள் தலையில் இன்னொரு நிபந்தனையா என்று கேட்பது நியாயம். ஆனால் கேட்பது என்ன என்று பார்க்க வேண்டும். ஒரு நோட்டும் சில ரூபாய் பெறும் வளையங்களும் போதும். குஞ்சு ஒன்று அல்லது இரண்டு வார வயதாக இருக்கும்போது காலில் நுழைக்கும் மூடிய வளையம், பாதம் வளர்ந்த பிறகு வெட்டாமல் கழலாது. அதில் பொறித்த ஆண்டை யாரும் மாற்ற முடியாது. விலை குறைந்த பட்ஜிக்கு டிஎன்ஏ பரிசோதனை தேவையே இல்லை. வளர்ந்த பட்ஜியின் மூக்குத் தோலின் நிறமே பெரும்பாலும் பாலினத்தைச் சொல்லிவிடும். விலைக்கும் இனத்துக்கும் ஏற்றபடி தாளில் எழுதுவது கூடலாம், குறையலாம். தெரியாததைத் தெரியாது என்று எழுதினாலும் அதுவும் வாங்குபவருக்கு ஒரு தகவல்தான்.

பதிவு என்றாலே வனத்துறையின் தொந்தரவு வரும் என்பது இரண்டாவது அச்சம். இதை அலட்சியப்படுத்துவது தவறு. கிளி ஜோசியக்காரரின் கூண்டைப் பறிமுதல் செய்வதில் காட்டும் வேகத்தை, எல்லை தாண்டி மிசோரம் வழியாக வரும் அயல்நாட்டு உயிரினங்களின் கடத்தல் சங்கிலியைப் பிடிப்பதிலும் காட்ட வேண்டும் என்று மக்கள் எதிர்பார்ப்பது இயல்பு. அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்பதைத் தானாக முன்வந்து அறிவிப்பவர்களிடம், அவை எங்கிருந்து வந்தன என்று கேட்கமாட்டோம் எனச் சொல்லி 2020-இல் மத்திய அரசு ஆறு மாத அவகாசம் கொடுத்தது. பயமில்லை என்றால் ஆட்கள் முன்வருவார்கள் என்ற கணிப்பு சரியானது. அதே மனநிலை அன்றாட நிர்வாகத்திலும் தொடர வேண்டும். இன்னும் ஒன்று: தாள் இல்லாதவரைத்தான் எளிதாக மிரட்ட முடியும்.

விற்பவர்கள் இந்த ஏற்பாட்டைத் தங்களுக்கு எதிரானதாக நினைக்கிறார்கள். உண்மையில் அவர்களுக்கும் காப்பு இதுதான். வாங்கிப்போனவர் ஒரு வாரத்தில் 'செத்துவிட்டது, பணத்தைத் திருப்பிக் கொடு' என்று நிற்கும்போது, நாணயமான வளர்ப்பாளரிடம் பதில் இருப்பதில்லை. நான்-ஸ்டிக் சட்டி அடுப்பில் அளவுக்கு மீறிச் சூடேறினால் எழும் புகை பக்கத்து அறைப் பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். அது தெரியாமல் விற்றவர்மேல் பழி போடுகிறவர்கள் உண்டு. விற்ற அன்றைய எடையும் கால்நடை மருத்துவரின் கையெழுத்தும் இருந்தால் வழக்கு அங்கேயே முடியும். இன்ன நோய்க்கு இத்தனை நாள் வரை நான் பொறுப்பு, அதற்கு மேல் இல்லை என்று எழுதிக்கொள்வதில் இரு பக்கத்துக்கும் கௌரவம் இருக்கிறது.

இந்த வியாபாரத்தில் மன்னிக்க முடியாதது ஒன்று உண்டென்றால் அது கண் திறந்து சில நாட்களே ஆன குஞ்சை அனுபவமில்லாதவரிடம் தள்ளிவிடுவது. கையால் ஊட்டி வளர்த்தால்தான் பழகும் என்று ஆசைகாட்டி விற்கிறார்கள். ஊட்டும் கூழின் சூடு சற்றுக் கூடினால் இரைப்பை வெந்துபோகும்; சற்று அவசரப்பட்டால் கூழ் மூச்சுக்குழாயில் இறங்கும். தானாகத் தின்னப் பழகிய குஞ்சும் அன்றாடம் கொஞ்ச நேரம் செலவிட்டால் கையில் வந்து உட்காரும். ஊட்டும் வேலையை விற்பவர் மிச்சம் பிடிக்கிறார், அதற்கான விலையைக் குஞ்சு கொடுக்கிறது. தானாகத் தின்கிறது என்று தாளில் எழுத முடியாத குஞ்சை யாரும் விலைக்கு விடக் கூடாது.

பறவையைக் கூண்டில் வைப்பதே தவறு, இதில் தாள் என்ன வேண்டிக்கிடக்கிறது என்பவர்களின் மனவருத்தத்தில் உண்மை இருக்கிறது. காட்டிலிருந்து பிடிப்பதைப் பொறுத்தவரை அவர்களோடு எந்தக் கருத்து வேறுபாடும் இல்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் பிறந்த பட்ஜியையும் காக்டீலையும் வெளியே பறக்கவிட்டால் அவை சில நாட்களில் இறந்துவிடும். இருப்பவற்றுக்கு ஒழுங்கு செய்தே ஆக வேண்டும். காட்டுப் பறவையைக் கூண்டில் பிறந்ததாகச் சொல்லி விற்பதைத் தடுப்பதும் பொரித்த சில நாட்களில் போட்ட அந்த வளையம்தான்.

தமிழ்நாடு விலங்குகள் நல வாரியம் ஒரு பக்க மாதிரித் தாளைத் தமிழில் வெளியிட்டு, வளர்ப்போர் சங்கங்கள் வழியாக வளைய எண்களை வழங்கலாம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் சென்னை வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் உள்ள தன் கல்லூரிகளில் பாலினப் பரிசோதனையையும் கிளிக் காய்ச்சல் பரிசோதனையையும் குறைந்த கட்டணத்தில் செய்து தரலாம். பறவை பார்க்கத் தெரிந்த மருத்துவர் மாவட்டத் தலைநகரில்கூடக் கிடைக்காத நிலையும் அதோடு மாற வேண்டும். முன்பணம் வாங்கி ஏமாற்றியதாக 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு வரும் புகார்களை, இழந்தது சில ஆயிரம்தானே என்று காவல்துறை ஒதுக்கக் கூடாது. ஒரே எண் பல பேரிடம் சிறு தொகையாகப் பறிப்பதுதான் இந்த மோசடியின் வழி. இவற்றில் மாதிரித் தாளை அடுத்த சில மாதங்களிலேயே கொண்டுவந்துவிடலாம். அதற்குப் புதிய சட்டமும் தேவையில்லை, பெரிய நிதியும் தேவையில்லை.