வயல் பாட்டுக்கு யார் பெயர் போடுவது?

நாட்டுப்புறப் பாடகர் ஒருவரின் புது ஆல்பம் வந்தால் இன்று செல்போன் உடனே சொல்லிவிடும். படுத்தபடியே கேட்டும் விடலாம். 1990-களில் காவிரி டெல்டா ஊர்களில் கதையே வேறு. கேசட் கடைக்கு நேரில் போய், ‘குப்புசாமி புதுசு வந்துருச்சா?’ என்று கேட்க வேண்டும். ஒரு வீட்டில் கேசட் வாங்கினால் தெருவே கேட்கும். திருவிழா வந்தால் மைக் செட்காரர் அதையே போட்டு ஊரை எழுப்புவார்.

அந்தக் குப்புசாமி வெளியூர்க்காரர் இல்லை. வேதாரண்யம் பக்கத்திலுள்ள புஷ்பவனம்தான் சொந்த ஊர். இசையில் முனைவர் பட்டம் வாங்கியவர். ஆனாலும் பெயருக்கு முன்னால் ஊர்ப் பெயரைத்தான் வைத்துக்கொண்டார். மனைவி அனிதாவும் அவரும் மேடையில் மாறி மாறிக் கேலி பேசிப் பாடினால், முன்வரிசையில் இருக்கும் பாட்டிகளுக்குச் சிரிப்புத் தாங்காது. ‘இது நம்ம வீட்டுப் பேச்சாச்சே’ என்ற சந்தோஷம் அது.

அந்தச் சந்தோஷத்துக்குக் காரணம் உண்டு. தஞ்சாவூர் இசை என்றால் வெளியுலகம் நினைப்பது திருவையாறு ஆராதனையையும் சங்கீத மும்மூர்த்திகள் பிறந்த திருவாரூரையும்தான். அதே மண்ணில்தான் ரெட்டிப்பாளையத்துத் தப்பாட்டமும், கரகாட்டமும், நையாண்டி மேளமும் இருக்கின்றன. வயலில் பெண்கள் பாடிய நடவுப் பாட்டும் இருந்தது. சபாவுக்கு வெளியே நின்ற இந்தப் பாட்டுக்கும் ஒரு கேசட், ஒரு மேடை, ஒரு கைதட்டல் கிடைத்தபோது, கேட்டவர்கள் அதைத் தங்களுக்கே கிடைத்த மரியாதையாக எடுத்துக்கொண்டார்கள்.

நடவுப் பாட்டு பொழுதுபோக்குக்காகப் பிறந்ததில்லை. சேற்றில் வரிசையாகக் குனிந்து நிற்பார்கள். ஒருத்தி பாட்டெடுப்பாள், மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவார்கள். தாளத்துக்கு நாற்று இறங்கும், வரிசை பின்னால் நகரும். இடுப்பு வலி கொஞ்சம் மறக்கும். பண்ணையாரைக் கிண்டல் செய்ய வேண்டுமா, கூலி போதவில்லை என்று சொல்ல வேண்டுமா, நேரில் பேச முடியாததைப் பாட்டில் வைத்துவிடலாம். வயல் முடியும் வரை பாட்டும் முடியாது. வரி தீர்ந்தால் பாட்டெடுப்பவள் அங்கேயே புதிதாகக் கட்டுவாள்.

கேசட்டில் அதற்கு இடமில்லை. அறுபது நிமிட கேசட்டில் ஒரு பக்கம் அரை மணி நேரம்தான். பாட்டு ஐந்து, ஆறு நிமிடத்துக்குள் அடங்க வேண்டும். கீபோர்டு, தபேலா சேர வேண்டும். அப்படிச் சுருங்கியதால்தான் அது வேதாரண்யத்திலிருந்து சிங்கப்பூர் வரை போனது. ரசிகர்கள் கொண்டாடியதில் தப்பே இல்லை.

ஆனால், கேசட் சுழன்ற அதே காலத்தில் வயலும் மாறிக்கொண்டிருந்தது. ஜூன் 12-ல் மேட்டூர் திறக்குமா என்பதே சந்தேகமான வருடங்களில் நேரடி விதைப்பு பெருகியது. களையெடுக்க ஆள் கிடைக்காத இடத்தில் களைக்கொல்லி வந்தது. பிறகு நடவு இயந்திரம் வந்தது. முதுகு ஒடியும் வேலை குறைந்தது நல்லதுதான்; அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் வேலை போனதும் பாட்டுக்கும் நிற்க இடமில்லாமல் போனது. இன்று டெல்டாவில் பல பிள்ளைகள் நடவுப் பாட்டை முதலில் கேட்பது ஒலிபெருக்கியில்தான்.

இந்த இடத்தில்தான் ஒரு கேள்வி வருகிறது. அந்தப் பாட்டுகளைக் கட்டியவர்கள் யார்? ‘நாட்டுப்புறப் பாடல்’ என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனையோ பெண்களின் பெயர்கள் மறைந்துபோய்விட்டன.

2021-ல் ‘எஞ்சாயி எஞ்சாமி’ வந்தபோது இந்தக் கேள்விக்கு ஒரு பதில் கிடைத்தது. தெருக்குரல் அறிவு அந்தப் பாட்டின் வேராகச் சொன்னது, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளை. அந்தப் பாட்டி வீடியோவிலும் வந்து உட்கார்ந்தார். 2024-ல் அறிவு தன் இசைக்குழுவோடு ஆல்பம் வெளியிட்டபோது வைத்த பெயர் ‘வள்ளியம்மா பேராண்டி’. ஆல்பத்தைத் தேடும் ஒவ்வொரு ரசிகரும் முதலில் அந்தப் பாட்டியின் பெயரைத்தான் எழுத வேண்டும்.

டெல்டாவிலும் இப்படிப் பெயர் சொல்ல வேண்டிய பாட்டிகள் இருக்கிறார்கள். நடவு இல்லாவிட்டாலும் தாலாட்டும் ஒப்பாரியும் நலங்குப் பாட்டும் அவர்களுக்கு நினைவிருக்கும். ‘மறந்துபோச்சு தாயி’ என்பார்கள். முதல் அடியை நீங்கள் தப்பாகப் பாடிப் பாருங்கள், திருத்துவதற்காகவே மீதியைப் பாடிவிடுவார்கள்.

புது ஆல்பத்துக்குக் காத்திருக்கும் செல்போனிலேயே பதிவு செய்யும் வசதியும் இருக்கிறது. அவர்களிடம் சொல்லிவிட்டுப் பதிவு செய்யுங்கள். பாட்டு தொடங்குமுன் மூன்று விவரங்களை அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள்: தன் பெயர், ஊர், எந்த வேலைக்கு அல்லது எந்தச் சடங்குக்குப் பாடியது. பாட்டு நடுவில் நின்றாலும் பரவாயில்லை. பெயர் மட்டும் விட்டுப்போகக் கூடாது.