நர்சம்மா சொல்வதைக் கேளுங்கள்

ஆண்டுதோறும் உலக செவிலியர் தினம் அக்னி நட்சத்திரத்தின் நடுவில்தான் வருகிறது. மே 12, ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த நாள். மருத்துவமனைகளில் மெழுகுவத்தி ஏந்தி உறுதிமொழி எடுப்பார்கள். மேடைகளில் வாழ்த்துரைகள் நடக்கும். அதே நேரத்தில், வெயிலில் சுருண்டு விழுந்தவர்களை ஆட்டோவிலும் ஆம்புலன்ஸிலும் அள்ளிக்கொண்டு வருவார்கள். சட்டையைத் தளர்த்தி, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து, சலைன் ஏற்றி, அவர்களை மீட்டெடுப்பதும் அந்தச் செவிலியர்கள்தான்.

அவர்களை நாம் நிறையப் புகழ்ந்துவிட்டோம். அவர்கள் சொல்வதை இன்னும் கேட்கத் தொடங்கவில்லை.

காலநிலை மாற்றம் என்றதும் உருகும் பனிமலையும் உலகத் தலைவர்கள் கூடும் மாநாடும்தான் நம் மனதில் வருகின்றன. நம் ஊரில் அது வந்து நிற்கும் இடம் வேறு. ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் 2017-இல் தொடங்கிய ஓர் ஆய்வில், தமிழகத்துக் கர்ப்பிணிகள் 800 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஏறக்குறைய பாதிப்பேர் வயல், செங்கல் சூளை, உப்பளம் போன்ற இடங்களில் வெயிலில் உழைப்பவர்கள். வெப்பம் தாக்காத வேலையில் இருந்த பெண்களில் கருச்சிதைவு 2 சதவிகிதம். வெயிலில் உழைத்தவர்களில் 5 சதவிகிதம். வயிற்றுப்பாட்டுக்காக வெயிலில் நிற்கும் தாயின் கருவைத்தான் இந்த வெப்பம் முதலில் தொடுகிறது.

அந்தத் தாயை அரசாங்கத்தில் யாருக்குத் தெரியும்? கிராம சுகாதார செவிலியருக்குத் தெரியும். அவர் பணிபுரியும் துணை சுகாதார நிலையங்கள் தமிழகத்தில் எட்டாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று என்பது விதி. நாள் தள்ளிப்போன பெண்ணைப் பதிவு செய்து, தாய்-சேய் நலப் பதிவுக்கான ஆர்.சி.எச். எண் வாங்கிக் கொடுத்து, எடை பார்த்து, ரத்த அழுத்தம் பார்த்து, இரும்புச்சத்து மாத்திரையைக் கையில் வைத்துவிட்டு வருபவர் அவர். "தண்ணி நிறையக் குடிக்கணும்மா" என்று அவர் சொல்வார். "குடிச்சா எங்க போய் ஒதுங்குறது சிஸ்டர்?" என்ற பதில் வரும். கழிப்பறை இல்லாத சூளையிலும் உப்பளத்திலும் பெண்கள் விடிந்ததிலிருந்து தாகத்தை அடக்கிக்கொண்டு வேலை செய்கிறார்கள் என்பதும், அதனால்தான் நீர்க்கடுப்போடு தன்னிடம் வருகிறார்கள் என்பதும் நர்சம்மாவுக்குத் தெரியும். அவர் நிரப்பும் படிவங்களில் அதை எழுதத்தான் இடமில்லை.

செவிலியருக்கு இதெல்லாம் எதற்கு, ஊசி போட்டு மருந்து கொடுத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நைட்டிங்கேலின் வாழ்க்கையே அதற்குப் பதில். 1854-இல் கிரீமியப் போரின் சிப்பாய்களைக் கவனிக்கப் போன அவர், போர்க் காயங்களைவிட காலராவும் டைஃபஸும் வயிற்றுப்போக்கும்தான் அதிகமான சிப்பாய்களைக் கொல்கின்றன என்று கண்டார். நாடு திரும்பியதும் சாவுக் கணக்கை யாருக்கும் புரியும்படி வரைபடமாக்கி, 1858-இல் ஆட்சியாளர்கள் முன் வைத்தார். ராணுவ மருத்துவமனைகளில் சாக்கடையும் குடிநீரும் காற்றோட்டமும் சீரமைக்கப்பட்டதற்கு அவர் விடாமல் கொடுத்த நெருக்கடி ஒரு முக்கியக் காரணம். சென்னை மாகாணத்தை 1876 முதல் 1878 வரை பெரும் பஞ்சம் வாட்டி, லட்சக்கணக்கானோர் மாண்டபோதும் அவர் சும்மா இருக்கவில்லை. கொள்ளிடத்தில் மேலணை கட்டிய ஆர்தர் காட்டனோடு சேர்ந்து, இந்தியாவுக்கு நீர்ப்பாசனம் வேண்டும் என்று லண்டனிலிருந்து வாதாடினார். இந்த மண்ணை ஒருமுறைகூட மிதிக்காதவர் அவர். மழை பொய்த்ததையும் பட்டினிச் சாவையும் செவிலியரின் விஷயமாகவே அவர் பார்த்தார்.

இன்றைய செவிலியர் அமைப்புகளும் அந்த வழியில்தான் நிற்கின்றன. 130-க்கும் மேற்பட்ட நாடுகளின் சங்கங்கள் இணைந்த சர்வதேச செவிலியர் பேரவை, காலநிலை மாற்றத்தைத் தணிப்பதிலும் அதற்கு ஏற்ப மருத்துவமனைகளைத் தயார்ப்படுத்துவதிலும் செவிலியர்கள் முன்னிற்க வேண்டும் என்று 2018-இல் அறிவித்தது. உலகெங்கும் ஏறத்தாழ 3 கோடி செவிலியர்கள் இருக்கிறார்கள். 2030-க்கும் 2050-க்கும் இடையே, ஊட்டச்சத்துக் குறைவு, மலேரியா, வயிற்றுப்போக்கு, வெப்பத்தாக்கு ஆகியவற்றால் ஆண்டுக்கு 2.5 லட்சம் கூடுதல் மரணங்களை காலநிலை மாற்றம் உண்டாக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த நான்கிலும் நோயாளியின் பக்கத்தில் நிற்கப்போவது செவிலியர்தான்.

இடம் அறிந்து செய்யும் ஒரு சிறு மாற்றம் என்ன செய்யும் என்பதற்கு அகமதாபாத் நல்ல உதாரணம். 2010 மே மாத வெப்ப அலையில் அந்த நகரில் வழக்கத்தைவிட 1,300 பேருக்கு மேல் கூடுதலாக இறந்தார்கள். அப்போது அங்கே ஒரு மருத்துவமனையில் பிரசவ வார்டு மேல்தளத்தில், மொட்டைமாடிக்கு நேர் கீழே இருந்தது. ஏ.சி. கிடையாது. பிறந்து சில நாளே ஆன சிசுக்கள் உடம்பு கொதிக்கத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தன. பிறகு அந்த வார்டை கீழ்த்தளத்துக்கு மாற்றியபோது அப்படி வரும் குழந்தைகள் குறைந்தது ஆய்வில் பதிவானது. கோடிகளைக் கொட்டவில்லை, கட்டில்களை இடம் மாற்றினார்கள். எந்த வார்டின் கூரை தகிக்கிறது, எந்தக் கட்டிலில் மூன்று மணி வெயில் விழுகிறது, எந்த மின்விசிறி ஓடவில்லை என்பது பணியில் இருக்கும் செவிலியருக்கு மனப்பாடம். தமிழகத்தின் எத்தனை மருத்துவமனைகளில் அவரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள்?

புயல், வெள்ளம் என்றால் நமக்கு வழிமுறை தெரியும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை மறக்க முடியாது. எச்சரிக்கை வந்தால், பிரசவத் தேதி நெருங்கிய பெண்களை முன்கூட்டியே மருத்துவமனையில் சேர்க்கும் நல்ல வழக்கம் நம் மாநிலத்தில் உண்டு. அந்தப் பட்டியல் கிராம சுகாதார செவிலியர் கையில் இருக்கிறது என்பதால்தான் அது நடக்கிறது. வெயிலுக்கும் இதைச் செய்யலாமே. வெப்ப அலை எச்சரிக்கை வந்த அன்று காலையில், வெளி வேலைக்குப் போகும் கர்ப்பிணிகள், தனியாக வாழும் முதியோர், சிறுநீரக நோயாளிகள் ஆகியோரின் வீட்டுக் கதவு தட்டப்பட வேண்டும். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடிப் போகும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. உத்தரவு ஒன்றுதான் தேவை.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது; வெப்பத்தால் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால், வெயிலில் விழுந்து இறந்த கட்டடத் தொழிலாளியின் மரணம் 'மாரடைப்பு' என்று எழுதப்பட்டுவிட்டால் அந்தப் பணம் குடும்பத்துக்குக் கிடைக்காது. அவரைக் கொண்டுவந்து கிடத்திய உடனே காய்ச்சல் பார்த்து, 104 டிகிரியைத் தாண்டியிருந்ததையும், எங்கே, எத்தனை மணிக்கு விழுந்தார் என்பதையும் எழுதிவைக்கும் செவிலியரின் குறிப்புதான் உண்மைக்குச் சாட்சி. அந்தக் குறிப்பைக் கட்டாயமாக்க வேண்டும்.

இதையெல்லாம் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஏற்கெனவே பதிவேடுகளாலும் செல்போன் செயலிகளாலும் திணறும் செவிலியர் தலையில் புதிதாக ஒரு சுமையை ஏற்றக் கூடாது. காலிப் பணியிடங்களை நிரப்பாமல், ஒப்பந்தச் செவிலியர்களை ஆண்டுக்கணக்கில் நிரந்தரம் கேட்டு வீதியில் நிற்க வைத்துக்கொண்டு, காலநிலைக்கும் குரல் கொடுங்கள் என்று கேட்பது நியாயமல்ல. நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாதவர், தன் வார்டின் குறையை மேலதிகாரியிடம் எப்படித் தைரியமாகச் சொல்வார்?

ஆகவே, இவற்றோடு அரசிடம் நாம் கேட்பது மேலும் நான்கு. மாவட்ட ஆட்சியர்கள் தலைமையில் இயங்கும் காலநிலை மாற்ற இயக்கம் ஒவ்வொன்றிலும், களத்தில் பணிபுரியும் செவிலியர் ஒருவர் உறுப்பினராக இருக்க வேண்டும். கர்ப்பிணிகளின் பதிவில், வேலை செய்யும் இடத்தில் நிழல், குடிநீர், கழிப்பறை உண்டா என்ற கேள்வியைச் சேர்த்து, பயன் இல்லாத வேறொரு படிவத்தை நீக்க வேண்டும். 'இல்லை' என்ற பதில் தொழிலாளர் துறைக்குப் போய், அந்த முதலாளி பதில் சொல்லியாக வேண்டும். பணியிடக் குறைகளைச் சொல்லும் செவிலியர் மீது நடவடிக்கை பாயாது என்ற உறுதி எழுத்தில் வேண்டும்.

செவிலியர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் சம்பளத்துக்கும் பணி நிரந்தரத்துக்கும் பக்கத்தில், தகிக்கும் வார்டுகளையும் தண்ணீர் குடிக்கப் பயப்படும் தாய்மார்களையும் சேருங்கள். ஊரில் உங்கள் சொல்லுக்கு இருக்கும் மதிப்பு பெரியது. போலியோவை விரட்டியதிலும், வீட்டுப் பிரசவத்தை ஏறக்குறைய இல்லாமல் ஆக்கியதிலும் தமிழகம் அதைக் கண்டிருக்கிறது. கிராம சபையில் எழுந்து, இந்த ஊர் சூளையில் ஒரு கழிப்பறையும் நிழற்கொட்டகையும் வேண்டும் என்று நீங்கள் கேளுங்கள். உங்களோடு சேர்ந்து நாங்களும் கேட்போம்.