முழங்காலுக்குள் ஒரு புது மூட்டு

"பால் மரம் வெட்டிய அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. செயற்கை மூட்டு என்றதும், 'காலை எடுத்துவிடுவார்களே' என்று அழுகிறார்" என எழுதுகிறார் செபராங் ஜெயா சகோதரி ஒருவர்.

சகோதரி, கால் அப்படியேதான் இருக்கும். தேய்ந்த எலும்பு முனைகளை மட்டும் மெல்லியதாகச் சீவிவிட்டு, தொடை எலும்பின் நுனிக்கு உலோக உறை, கீழெலும்பின் தலையில் உலோகத் தட்டு, நடுவில் வழுக்கும் பிளாஸ்டிக் வைப்பார்கள். இதற்கு முன்னோடியான மூட்டை 1974இல் நியூயார்க்கில் உருவாக்கியவர்களுள் இந்தியாவில் பிறந்த டாக்டர் ரணாவத்தும் ஒருவர். 2000இல் பிரதமர் வாஜ்பாயியின் முழங்காலில் அறுவை செய்தவரும் அவரே.

பிளாஸ்டிக்கும் நாளடைவில் தேயும். ஆகவே அம்மா இனிக் குந்தி உட்காரக் கூடாது. குந்தும் கழிப்பறையை முதலில் மாற்றுங்கள். பயத்தைப் போக்குங்கள், முடிவை அம்மாவே எடுக்கட்டும்.