பிணம் விழுந்த பிறகுதான் மனதைச் சோதிப்பதா?



2012 ஜனவரி 25, குடியரசு தினத்துக்கு முந்தின நாள் காலை. கல்லூரிகள் நிறைந்த பூனா நகரத்தில், சுவார்கேட் டெப்போவிலிருந்து சந்தோஷ் மானே என்ற அரசு பஸ் டிரைவர் ஒரு பஸ்ஸைக் கடத்தி ஜனங்கள் மீது ஓட்டினார். 9 பேர் மாண்டார்கள். முப்பதுக்கு மேற்பட்டோர் காயப்பட்டார்கள். வேலைக்குப் போனவர்களும் படிக்கப் போனவர்களும் சக்கரத்தில் சிக்கினார்கள். ஓடும் பஸ்ஸில் தாவி ஏறி அவரை மடக்கியவர் ஒரு கல்லூரி மாணவர்.

"அவருக்குச் சித்தசுவாதீனம் இல்லை" என்று வக்கீல் வாதாடினார். கோர்ட் ஏற்கவில்லை. 2013இல் பூனா கோர்ட் தூக்குத் தண்டனை விதித்தது. பம்பாய் ஹைக்கோர்ட்டும் அதை உறுதி செய்தது. 2019 ஜனவரியில்தான் சுப்ரீம் கோர்ட் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது.

"பைத்தியம் என்று சொல்லித் தப்பப் பார்க்கிறான், தூக்கில் போடு!" என்று டீக்கடையில் பேசுகிறோமே, சட்டம் அவ்வளவு இளகியதா? இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவு, என்ன சொல்கிறது? நோய் இருந்தால் மட்டும் போதாது. செய்த அந்த நேரத்தில், செய்வது இன்னது என்றோ, அது தப்பு என்றோ அறிய முடியாத நிலையில் இருந்திருக்க வேண்டும். அதை நிரூபிக்கும் பொறுப்பு குற்றவாளிக் கூண்டில் நிற்பவனுடையது என்று சுப்ரீம் கோர்ட் 1964லேயே சொல்லிவிட்டது. நிரூபித்தாலும் மாலை போட்டு அனுப்புவதில்லை. காவலிலோ மனநல ஆஸ்பத்திரியிலோ வைக்கலாம்.

நம் சுரங்கத்தை மூடிய 2001 பிப்ரவரி மாதத்திலேயே, அமெரிக்காவில் கலிபோர்னியா மாணவர் குடியிருப்பான ஐலா விஸ்டாவில் ஒரு மாணவன் காரை மோதி நால்வரைக் கொன்றான். அங்கே ஜூரி அவனைச் சித்தசுவாதீனமற்றவன் என்று தீர்மானித்து மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. இரண்டு ஊர், இரண்டு தீர்ப்பு. ஆனால் மாண்டவர் எவரும் திரும்பவில்லை. கோர்ட்டுக்கு வரும் கேள்வி எப்போதும் காலம் கடந்த கேள்விதான்.

காலம் கடக்காத கேள்வி எது? இரவு டூட்டியை மாற்றித் தரும்படி மானே கேட்டார், கிடைக்கவில்லை என்பது வழக்கில் வெளிவந்த செய்தி. அதற்காக 9 உயிரைப் பறித்ததை எந்தத் தொழிலாளியும் நியாயப்படுத்த மாட்டான், நாங்களும் மாட்டோம். டூட்டி மறுக்கப்பட்ட லட்சம் பேர் யாரையும் கொல்லாமல் வீடு திரும்புகிறார்கள். மனநோயாளிகளிலும் மிகப் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு செய்யாதவர்கள். ஆயினும் நிர்வாகத்தைக் கேட்கிறோம்: டயருக்குக் காற்று பார்க்கிறீர்கள், பிரேக் பார்க்கிறீர்கள், ஸ்டியரிங் பிடிக்கிறவனின் தூக்கத்தையும் மனதையும் யார் பார்ப்பது? ரயில் டிரைவர் வேலைக்கு எடுக்கும்போதே மனத்திறன் தேர்வு வைக்கிறார்கள். பஸ்ஸுக்கும் லாரிக்கும் கம்பெனி வேனுக்கும் அந்தக் கவலை வேண்டாமா?

இது பூனாவின் கதை மட்டுமா? மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரயில் ஏறி, பெங்களூரில் டிரைவராகவும் செக்யூரிட்டியாகவும் உழைத்து, ராத்திரி திரும்பும் நம் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். "தலை என்னமோ போல இருக்கிறது" என்று மேஸ்திரியிடம் சொன்னால் நாளைக்கு வேலை இருக்குமா? அந்தப் பயத்தில்தான் அவன் வாயை மூடுகிறான். வீட்டிலோ மந்திரித்துத் தாயத்துக் கட்டுகிறோம்.

ஆகவே எங்கள் கோரிக்கை: மன உளைச்சல் என்று சொல்பவனுக்கு டூட்டி மாற்று, வேலையைப் பறிக்காதே, வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஆண்டுதோறும் மனநலச் சோதனை நடத்து, அதன் பேரால் எவரையும் வீட்டுக்கு அனுப்பாதே.

தாய்மார்களே, அரசு ஆஸ்பத்திரியில் மனநல சிகிச்சை பெறுவது 2017ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை. பெங்களூரில் நிம்ஹான்ஸ் இருக்கிறது. 14416க்குப் போன் செய்தால் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். சீட்டையும் மருந்துக் காகிதத்தையும் பத்திரப்படுத்துங்கள். வேலைக் கொடுக்கல் வாங்கலில் தகராறு வந்தால் அவற்றோடு சங்கத்துக்கு வாருங்கள்.

தூக்குக் கயிற்றைப் பற்றி வாதாடுவோர் வாதாடட்டும். நாம் டூட்டிப் பட்டியலைப் பற்றி வாதாடுவோம்!