ஸ்டென்ட் வைத்த பிறகும் ஒரு கண் வேண்டும்

"ஸ்டென்ட் வைத்தாகி விட்டது, இனிமேல் ஒரு கவலையுமில்லை" என்று நம்மில் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறோம். முக்கால்வாசி அது சரிதான். மீதிக் கால்வாசியையும் வீட்டுப் பெண்கள் தெரிந்து வைத்துக் கொள்ள வேண்டும் சகோதரிகளே.

இதய ரத்தக் குழாயின் அடைப்பை பலூனால் விரித்து விடும் சிகிச்சையை 1977-ல் ஸுரிச் நகரில் டாக்டர் குருன்ட்ஸிக் முதன் முதலாகச் செய்தார். ஆனால் விரித்த குழாய் பலருக்குச் சில மாதங்களிலேயே மறுபடி சுருங்கி விட்டது. அதனால் 1986-ல் ஸ்டென்ட் என்ற உலோக வலைக் குழல் வந்தது. அதிலும் ஒரு தொல்லை. முழங்காலில் பட்ட காயம் ஆறும்போது தழும்பு மேடு கட்டுகிறதல்லவா? அதே மாதிரி, விரித்த இடத்தில் குழாயின் உள் சுவர் வளர்ந்து, வலைக்குள் புகுந்து வழியைக் குறுக்குகிறது. இதைத் தடுக்கத்தான் ஸ்டென்ட் மேல் மருந்து பூசினார்கள். மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து அந்த வளர்ச்சியை அடக்குகிறது.

சரி, மறுபடி சுருங்கியதை எப்படி அளக்கிறார்கள்? என் பெரியக்கா விஷயத்தில்தான் எனக்கு இது விளங்கியது. அக்காவுக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை வியாதி. மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்து ஒன்பது மாதமாகியிருந்தது. மாடிக்குத் துணி காயப் போடப் போனால் பாதிப் படியிலேயே உட்கார்ந்து விடுவாள். "வயசாகுதுல்ல, அதான்டி! பசங்ககிட்ட ஒண்ணும் சொல்லித் தொலைக்காதே" என்பாள். நான் கேட்கவில்லை. கையோடு டாக்டரிடம் அழைத்துப் போனேன். ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள்.

டாக்டர் திரையில் காட்டி விளக்கினார். "இதோ பாருங்கம்மா, சாயம் செலுத்துற குழாயோட பருமன் சுமார் 2 மில்லி மீட்டர்னு நமக்குத் தெரியும். அதை அளவுகோலா வெச்சு கம்ப்யூட்டர் ரத்தக் குழாயை அளக்குது. இவங்களுக்கு நல்லா இருக்கிற இடத்துல குழாய் 3 மில்லி மீட்டர். ஸ்டென்ட் வெச்ச அன்னிக்கு மிகக் குறுகின இடம் 2.8. இன்னிக்கு 1.2தான்."

2.8-லிருந்து 1.2 போனால் 1.6. சிகிச்சைக்குப் பிறகு இழந்த அகலம் இதுதான். 3-ல் 1.2 மிச்சம் என்றால் 60 சதவிகிதம் சுருக்கம். பாதியோ அதற்கு மேலோ சுருங்கியிருந்தால் அதை 'மறு அடைப்பு' என்று கணக்கு வைக்கிறார்கள். குறுக்களவு பாதியானால் ரத்தம் போகும் வாசல் கால்வாசியாகி விடும் என்றதும் எனக்குப் பகீரென்றது. இன்னும் நுணுக்கமாகப் பார்க்க, குழாய்க்குள்ளேயே ஒலி அலையையோ ஒளியையோ செலுத்திப் பார்க்கும் முறைகளும் உண்டாம்.

மருந்து பூசிய ஸ்டென்ட்டின் அருமையும் இந்த அளவினால்தான் தெரிந்தது. 238 பேரிடம் செய்து 2002-ல் வெளியான 'ராவெல்' ஆய்வில், ஆறு மாதம் கழித்து அளந்தபோது, சாதா ஸ்டென்ட்டில் சராசரியாக 0.8 மில்லி மீட்டர் அகலம் போயிருந்தது. நூற்றுக்குச் சுமார் 27 பேருக்கு மறு அடைப்பு. மருந்து பூசியதில் ஒருவருக்கும் இல்லை. ஆனால் பிறகு பல்லாயிரம் பேருக்கு வைத்தபோது சிலருக்கு வரத்தான் செய்தது. சர்க்கரை உள்ளவர்கள், குழாய் மெலிந்தவர்கள், நீளமான ஸ்டென்ட் வைத்தவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு சற்று அதிகம்.

அக்காவுக்கு மருந்து தடவிய பலூனால் மறுபடி விரித்து விட்டார்கள். நல்ல வேளை, மாரடைப்பு வருமுன் பிடித்தாயிற்று. இப்போது மாடிப்படியை நிற்காமல் ஏறுகிறாள்.

வீட்டில் யாருக்காவது ஸ்டென்ட் வைத்திருந்தால் இவற்றைக் கவனியுங்கள்:

ஒன்று: தொந்தரவே இல்லாதவர்கள் எல்லோரும் திரும்ப ஆஞ்சியோகிராம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் நடந்தால் நெஞ்சு இறுக்கம், மூச்சு வாங்குதல், தாடை, முதுகு, இடது கை வலி வந்தால் தாமதிக்கக் கூடாது. பெண்களுக்கு வெறும் அசதியாகக்கூடத் தெரியலாம். உட்கார்ந்திருக்கும்போதே வலித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் விடுங்கள்.

இரண்டு: ஆஸ்பத்திரியில் தரும் குறிப்பில் எந்தக் குழாய், ஸ்டென்ட்டின் அகலம், நீளம் எல்லாம் இருக்கும். நகைச் சீட்டைப் போல பத்திரப்படுத்துங்கள். மறுபடி அளக்கும்போது ஒப்பிட உதவும்.

மூன்று: ரத்தம் உறையாமலிருக்கத் தரும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் போன்ற மாத்திரைகளை, பல் பிடுங்குவதற்காகக்கூட, இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் ஸ்டென்ட்டில் திடீரென ரத்தம் உறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

நான்கு: சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்கட்டும். பீடி, சிகரெட் வாசனைகூட வீட்டில் வேண்டாம்.

எல்லோருக்கும் பரிமாறி விட்டுக் கடைசியில் சாப்பிடும் நாம், நம் மூச்சிரைப்பையும் கடைசியில் பார்த்துக் கொள்ளலாம் என்று விட்டு விடக் கூடாது.