வெள்ளையணு நம்முடையது, வைத்தியம் யாருடையது?

கெங்கவல்லியில் மரவள்ளி பிடுங்கும் கூலியாளிடம், சேகோ ஆலைத் தொழிலாளியிடம், "ஆராய்ச்சிக்கு வெள்ளையணு கொடு" என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? "கிட்னியைப் பிடுங்கியது போதாதா?" என்பார்கள்.

இதை அறியாமை என்று ஏளனம் செய்யும் கனவான்களே, கேளுங்கள்! பக்கத்து நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையத்தில், கடனில் மூழ்கிய விசைத்தறித் தொழிலாளர்களிடம் தரகர்கள் சிறுநீரகம் பறித்த கொடுமை 2025 ஜூலையில் அம்பலமாயிற்று. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை போகுமா?

ஆனால் தோழர்களே, இரண்டும் ஒன்றல்ல. சிறுநீரகம் போனால் போனதுதான். வெள்ளையணுவை உடம்பு மீண்டும் உண்டாக்கிக்கொள்ளும். உடம்பிலிருந்து வரும் ரத்தத்தில் இயந்திரம் வெள்ளையணுவைப் பிரித்துக்கொண்டு, மற்றதை உடம்புக்கே திருப்பிவிடுகிறது. இரண்டு மூன்று மணி நேரமாகும். உதடும் விரல்நுனியும் சற்று மதமதக்கலாம்.

வெள்ளையணு உடம்பின் காவற்படை. நோயாளியின் வெள்ளையணுவை எடுத்து, புற்றுநோயை இனங்காணும் ஆற்றலை அதற்கு ஊட்டித் திரும்பச் செலுத்தினால், சில வகை ரத்தப் புற்றுநோய் பணிகிறது. இந்த முறையைச் சோதிக்கவும், ஒருவர் அணுவில் பலருக்கு மருந்து காணவும், நோயற்றவர்களின் அணு தேவை. ஆகவே, கொடுப்பது நல்ல காரியம்.

கேள்வி இதுதான்: பலன் யாருக்கு?

மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் பம்பாய் ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மையமும் உருவாக்கிய 'நெக்ஸ்கார்19' 2023 அக்டோபரில் அனுமதி பெற்றது. அமெரிக்காவில் 2017ல் இவ்வகை முதல் மருந்துக்கு வைத்த விலை 4,75,000 டாலர். நம் விஞ்ஞானிகள் அதைப் பத்தில் ஒரு பங்காக்கினார்கள். பாராட்டுகிறோம்! ஆனால் 2024ல் விற்பனைக்கு வந்தபோது அதுவும் சுமார் 40 லட்சம் ரூபாய். அப்போது முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் பொது வரம்போ வருஷத்துக்கு 5 லட்சம்தான். மீதிக்குக் கூலிக்காரன் எங்கே போவான்? பள்ளிபாளையம் தரகனிடமா?

"தானத்தில் கணக்குப் பார்க்காதே" என்று உபதேசிக்கிறார்கள். அலாஸ்கா எண்ணெய்க் குழாய் வேலையில் உழைத்த ஜான் மூர் என்பவருக்கு 1976ல் ரத்தப் புற்றுநோய்க்காக மண்ணீரலை எடுத்தார்கள். அதிலிருந்த வெள்ளையணுவை, அவரிடம் சொல்லாமலே, பரிசோதனைச் சாலையில் வளர்த்து 1984ல் பேடண்ட் உரிமை பெற்றார்கள். 1990ல் கலிபோர்னியா உச்சநீதிமன்றம், டாக்டர் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும் என்றது. அணுவின் மீது மூருக்குச் சொத்துரிமை இல்லை என்றும் சொல்லிவிட்டது! கணக்குப் பார்த்தவர்கள் யார்?

நாம் அணுவுக்கு விலை கேட்கவில்லை. உச்சநீதிமன்றத்தின் 1996 தீர்ப்பின்படி, 1998 முதல் நம் நாட்டில் காசுக்கு ரத்தம் விற்பது தடை. நியாயமே! ஆனால் கொடுப்பவன் விற்கக்கூடாது, வாங்குபவன் மட்டும் லாபத்துக்கு விற்கலாம் என்பது எந்த ஊர் நியாயம்?

நம் கோரிக்கைகள் இவை: எதற்காக எடுக்கிறார்கள், யார் விற்பார்கள் என்பதைத் தமிழில் விளக்கிச் சம்மதம் பெறவேண்டும். இழந்த கூலியும் பஸ் கட்டணமும் தரவேண்டும். கடன்காரனைப் பிடித்துவரும் தரகன் வாசற்படி ஏறக்கூடாது. பொதுப்பணத்தில் பிறந்த மருந்துக்கு சர்க்கார் விலை நிர்ணயிக்க வேண்டும். சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு ஆஸ்பத்திரியில் அது ஏழைக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

கை நீட்டிக் கொடுப்போம். அதே கையை உயர்த்திக் கேட்போம்!