ரிட்டர்ன் மெமோவில் ஒரு வரி

“அண்ணே, ஒரு பத்து நாள் பொறுங்க, நானே கடைக்கு வந்து ரொக்கமா குடுத்துடறேன்.” செக் பவுன்ஸ் ஆன மறுநாள் வரும் போன் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். செக்கை வாங்கியவரும் முகதாட்சண்யத்துக்காகப் பொறுப்பார். பத்து நாள் நாற்பது நாளாகும். அப்புறம் வக்கீலிடம் போனால், அவர் முதலில் பார்ப்பது, செக்கைத் திருப்பி வங்கி தந்த மெமோ வந்த தேதியைத்தான்.

மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவு, 1989 ஏப்ரல் முதல் காசோலை மோசடியைக் குற்றமாக்கியது. ஈராண்டு வரை சிறை, தொகையில் இருமடங்கு வரை அபராதம். ஆனால், அந்தப் பிரிவுக்குள் நுழைய நாள் கணக்கு பிசகக் கூடாது. மார்ச் 4-ஆம் தேதி வங்கி மெமோ கைக்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் 3-க்குள் நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். அது எதிராளிக்கு மார்ச் 22-இல் கிடைத்தால், பணம் கட்ட ஏப்ரல் 6 வரை 15 நாள் அவகாசம். வழக்குக்கான உரிமை 7-ஆம் தேதிதான் பிறக்கும்; மே 7-க்குள் புகார் தாக்கலாக வேண்டும். அவசரப்பட்டு 6-ஆம் தேதியே தாக்கல் செய்தாலும் அது புகாரே ஆகாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஒருவரைச் சிறைக்கு அனுப்பக்கூடிய சட்டத்துக்குக் கெடு வேண்டும்தான். அதில் எனக்கு மறுப்பில்லை. என் ஆதங்கம் வேறு. புகார் தாமதமானால், தக்க காரணம் காட்டினால் நீதிமன்றம் மன்னிக்கலாம் என்று 2002 திருத்தம் வழிவிட்டது. நோட்டீஸ் ஒரு நாள் தாமதமானாலும் மன்னிக்கச் சட்டத்தில் இடமில்லை. சாமானியர் தடுக்கி விழுவதோ அந்த முதல் படியில்.

காசோலையை மறுபடி வங்கியில் போட்டு, புதிதாக நோட்டீஸ் அனுப்பலாம் என்று 2012-இல் எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் வழக்கில் தீர்ப்பு வந்தது. பெரிய ஆறுதல்தான். ஆனால் அதே ஆண்டு ஏப்ரல் முதல் காசோலையின் ஆயுளை ரிசர்வ் வங்கி ஆறு மாதத்திலிருந்து மூன்றாகக் குறைத்திருந்தது. தவணை கேட்டே அந்த மூன்று மாதத்தையும் ஓட்டிவிட்டால், நீதிமன்றக் கட்டணம் கட்டி சிவில் வழக்குப் போடுவதுதான் மிச்சம்.

நோட்டீஸ் தாமதத்தையும் மன்னிக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றம் நீதிபதிக்குத் தர வேண்டும். அதற்கு நாளாகலாம். ரிசர்வ் வங்கி இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. மெமோவில் காசோலை எண் இருக்கிறது, தொகை இருக்கிறது, ‘போதிய பணமில்லை’ என்ற காரணமும் இருக்கிறது. அதன் கீழேயே, “இது கிடைத்த 30 நாளுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் அனுப்புங்கள்” என்று மாநில மொழியில் ஒரு வரி அச்சிட வங்கிகளுக்கு அது உத்தரவிடட்டும்.